பேர் வெட்டாத சாமான்கள்

லண்டனில் எங்கு போனாலும் 'தொடாதே' என்றுதான் பலகை இருக்கும். மகள் வள்ளி எங்களை இழுத்துப்போன கலைக்கூடத்தின் வாசலில் மட்டும் 'தொடுங்கள், எடுங்கள், உங்களைப் பாருங்கள்' என்றிருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்தான். உள்ளே ஓவியம் ஒன்றுகூட இல்லை. கெட்டில், டோஸ்டர், தட்டு, டெலிவிஷன் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தார்கள். எதை எடுத்தாலும் நம் மூஞ்சிதான் தெரியும். அதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேறு.

என் மனைவி விசாலாட்சி ஒரு தட்டை எடுத்தாள். மூஞ்சியைப் பார்க்கவில்லை, கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"பேரு வெட்டலையே. இது எந்த வீட்டுக் கல்யாணமாம்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அறுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் கப்பலேறுவதற்குச் சற்று முன்பு, காரைக்குடியில் என் தங்கை கல்யாணத்துக்கு முற்றத்தைச் சுற்றிய வளவு முழுக்க இப்படித்தான் சீர்ச்சாமான் பரப்பினோம். வெள்ளிக் கூஜா, மங்குத் தட்டு, எவர்சில்வர் அடுக்கு. நெற்குப்பை என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பேர் வெட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அன்று வைத்த ரேடியோ இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு இறங்கவில்லை என்று கேள்வி. தங்கை உள்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் பரப்பிய தாடிக்காரக் கலைஞர் ஓடி வந்தார். பொருளுக்கு மனிதன் அடிமையானதைக் கண்டிக்கும் கலை இது என்றார். நான் தமிழில் சொன்னதும் விசாலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்டிக்கிறாராக்கும்! நம்மூர்ல இதுக்கு விருந்தே வைப்பாகன்னு சொல்லுங்க. டோஸ்டர் ஒண்ணே ஒண்ணு வச்சிருக்காரு, மாப்பிள்ளை வீட்ல கொறை சொல்ல மாட்டாகளா?"

"வெரி குட் என்கிறாள்" என்றேன். மனிதர் கண் கலங்கிவிட்டார்.

வள்ளி சிரிக்கவில்லை. நாலு வயதில் எங்களோடு கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவள், இப்போது இருபத்திரண்டு. தை மாதம் காரைக்குடியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அங்கேயே கடை. அதற்கு விசாலாட்சி வாங்கிச் சேர்த்த சாமானால் எங்கள் வீட்டில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

"ஆத்தா, இதுல பொண்ணு எங்க நிக்கணும்?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"பொண்ணு உள்ள இருப்பா. சாமானைப் பாக்கத்தானடி வர்றாக."

வரிசையின் கடைசியில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. வள்ளி அதன் முன் போய் நின்றாள். பின்னால் நாங்களும் தெரிந்தோம்.

"அப்பச்சி, போறதுக்கு எத்தனை டிக்கெட் எடுத்திருக்கீக?" என்று கண்ணாடிக்குள்ளிருந்த என்னைக் கேட்டாள்.

"மூணு."

"திரும்பி வர?"

"ரெண்டு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஊருக்குப் போகிறோம், ஊருக்குப் போகிறோம் என்று மாதக்கணக்காக ஆசையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கண்ணாடியில் மூன்று முகங்கள் இருந்தன. ஊருக்குப் போகிறவர்கள் அதில் இரண்டு பேர்தான். வள்ளி தன் ஊரைவிட்டுப் போகிறாள்.