வேறு ஷூவைக் காட்டிய லிங்க்

கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டும்போது அந்த யோசனை வந்தது. தோல் வெட்டும் கட்டிங் பிரிவுக்கு நான் தயாரிக்கும் ஷீட்டில், ஷூ படங்களை ஃபைலுக்குள் ஒட்டாமல், படம் இருக்கும் ஃபோல்டருக்கு லிங்க் கொடுத்தால் ஃபைல் சின்னதாகுமே!

என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் திறந்தது. கட்டிங் பிரிவில் இருப்பதோ வேறு மென்பொருள். அது லிங்கைத் தன் போக்கில் தேடி, அதே பெயருள்ள பழைய ஃபோல்டரிலிருந்து போன சீசன் படத்தைக் காட்டியது. அங்கே வேலை செய்யும் செல்வி அக்கா அதைப் பார்த்து, பழைய ஷூவுக்கே தோலை வெட்டிவிட்டார்.

"இன்னாம்மா, கண்ணு அவிஞ்சிபோச்சா? நாளைலருந்து வராத!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ஷீட்ல இருந்ததத்தான் சார் வெட்னேன்" என்று அக்கா அழுதார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

மதியம்தான் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். அக்காவின் வேலை தப்பியது. "காலைலயே சொல்லியிருக்கலாமே, பாப்பா" என்றார் அக்கா.

இப்போது படங்களை ஃபைலுக்குள்ளேயே ஒட்டுகிறேன். அடுத்த ஷீட்டை அக்காவின் கம்ப்யூட்டரிலேயே, அவரோடு உட்கார்ந்து திறந்து பார்க்கப்போகிறேன். பக்கத்தில் உட்காரவிடுவாரா என்றுதான் தெரியவில்லை.