ராணியக்காவின்ர சலக் கலன்

மற்றவையின்ர சலத்தை, அதுதான் மூத்திரத்தை, மடியில வைச்சுக்கொண்டு மெட்ரோவில போகாத ஆக்களுக்கு என்ர உத்தியோகம் விளங்காது. போன ஆக்கள் ஆராவது இருந்தா, கிட்ட வாங்கோ, சேர்ந்து அழுவம். மொன்றியலில ஒரு ஆய்வுகூடம். பரம்பரையா வாற கல்சியக் கோளாறுகளை ஆராயினம். மரபணுவைப் பாக்கிறது விஞ்ஞானியள். எங்கட சனத்திட்ட இரத்தமும் சலமும் வாங்கிறது நான்.

நிறைகுடம்

பார்க் எக்ஸ்டென்ஷனில இருக்கிற ராணியக்காவுக்கு இரத்தத்தில கல்சியம் கூடிப்போச்சு. கழுத்துச் சுரப்பி பிழையெண்டா ஒப்பரேஷன். பரம்பரைக் குணமெண்டா சலத்தில கல்சியம் குறைவா இருக்கும், கத்தியே தேவையில்லை. எது எண்டு பாக்க, ஒருநாள் சலம் முழுக்கச் சேர்க்கச் சொல்லிப் பெரிய கலன் ஒண்டு குடுத்தன்.

கலன் வாய்முட்ட வந்தது. கல்சியம் எக்கச்சக்கம். டொக்டர் ஒப்பரேஷனுக்கு நாளும் குறிச்சிட்டார். நான் கலனைத் திரும்பவும் பாத்தன். இந்த மெலிஞ்ச மனிசிக்கு இவ்வளவு சலம் எங்கால? கேட்டன். வெக்கப்பட்டுக்கொண்டு சொன்னா: "என்னால அரைவாசிதான் முடிஞ்சுது பிள்ளை. குறையாக் குடுக்கிறது மரியாதையில்லையெண்டு அவரும் பிள்ளையளும் சேர்ந்து நிரப்பினவை."

அண்ணையின்ர கை

தனியச் சேர்த்த ரெண்டாவது கலனில கல்சியம் குறைவு. ஐயோ கடவுளே, சும்மா கிடந்த கழுத்தை வெட்டப் பாத்தமே! ஆனா கூடப்பிறந்த ஒராளின்ர இரத்தமும் பாத்தாத்தான் ஒப்பரேஷனை நிப்பாட்டுவன் எண்டிட்டார் டொக்டர்.

இருக்கிறது கோட்-டெ-நெய்ஜில ஒரே ஒரு அண்ணை. ஊர்க் காணி பிரிச்ச நாளிலயிருந்து ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. ராணியக்காவிட்டக் கேட்டுக்கொண்டு நாலுதரம் போன் எடுத்தன். நாலுதரமும் அடிச்சு வைச்சார். ஐஞ்சாந்தரம் எனக்கு விசர் வந்திட்டுது. "உங்கட வீம்பால உங்கட தங்கச்சியின்ர கழுத்தை வெட்டப் போகினம்" எண்டு கத்திப்போட்டு நானே வைச்சன். அடுத்தநாள் காலமை நான் போக முதலே ஆள் ஆய்வுகூட வாசலில, சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கொண்டு நிக்கிறார். "நான் அவவுக்காக வரேல்லை. விஞ்ஞானத்துக்காக வந்தனான்!"

முடிவு வந்த நாள்

ரெண்டு பேருக்கும் அதே மரபணு மாற்றம். ஒப்பரேஷன் இல்லை. ராணியக்கா என்ர கையைப் பிடிச்சு விம்மி விம்மி அழுதா. எனக்கும் அழுகை வந்திட்டுது. அண்ணை பக்கத்துக் கதிரையில சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தார். "இது எங்கயிருந்து வந்ததாம்?" எண்டு சுவரிட்டத்தான் கேட்டார்.

தாய் தேப்பனில ஒராளிட்டயிருந்து, ரெண்டு பேருக்கும் ஒரேமாதிரி எண்டன். ராணியக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு முதல்முறையா அவற்ர பக்கம் திரும்பினா: "அது அப்பாதான் அண்ணை. இதையெண்டாலும் சண்டையில்லாமச் சரிசமனாப் பிரிச்சுத் தந்திட்டுப் போயிருக்கிறார்."

மரபணுவைப் பிடிக்கிறது லேசு, அதை வைச்சிருக்கிற சொந்தக்காரரை ஒரே அறைக்குள்ள இருத்திறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகினம்.