மூன்றாவது மணி

ஃபோனைக் காதோடு அழுத்தி, கண்ணை இடுக்கி, ஒரே ஒரு மணி அடிக்கும்வரை கேட்பார். எதிர்முனையில் யாராவது எடுத்துத் தொலைப்பதற்குள் பெருவிரலால் துண்டித்துவிடுவார். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். வீட்டுக்குத் தகவல் போயாயிற்று. லாட்ஜ் அறையோ, பஸ் நிலையமோ, பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறையோ, எங்கே இருந்தாலும் இதே கதைதான்.

ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'மிஸ்டுகால்'. ஃபோனுக்காக மட்டும் வைத்தது இல்லை. அவர் பேச்சும் அந்த மாதிரிதான். "அந்த மேல் மாடிக் கதவு வந்து..." என்று ஆரம்பிப்பார், நிறுத்திவிடுவார். மீதியை எதிரில் நிற்பவர்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூடிய கதவில் காதை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர், தான் சரிசெய்த லிஃப்டில்கூட ஏறுவதில்லை. படிதான். கேட்டால், "அதோட உள்விவகாரம் எனக்குத் தெரியும்ல" என்பார்.

வீட்டுக்கு முதன்முதலில் ஃபோன் வந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஒரு மணி அடித்து நின்றால், வந்து சேர்ந்தேன். இரண்டு என்றால், வேலை முடிந்தது, கிளம்புகிறேன். மூன்று என்றால், நான் செய்தது தப்பு. மூன்றாவதைச் சேர்த்தவர் மனைவி. "வாயால சொல்லத்தான் வராது, விரலாலயாவது சொல்லுங்க" என்றாராம்.

இருபத்தைந்து வருடத்தில் அந்த மூன்று மணி இரண்டே தடவைதான் அடித்திருக்கிறது. மச்சினன் கல்யாணத்துக்கு, கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பரிசுப் பொட்டலமும் கையுமாகப் போய் நின்றதற்கு ஒரு தடவை. மனைவி உள்ளே குளித்துக்கொண்டிருக்க, வெளியே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதற்கு இன்னொரு தடவை.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். "எறும்புக் கடிதான்" என்று சொல்லி, அந்தச் சொல் முடிவதற்குள் வேலையை முடித்துவிடுகிற கை. எறும்புக் கடி இல்லை என்பது குத்துப்பட்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் அவரைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை.

போன மாதம் வெளியூரிலிருந்து வந்த மகள், இருவர் ஃபோனிலும் இன்டர்நெட்டில் பேசும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் வைஃபை பெட்டி போதும், வெளியூர் போனால் லாட்ஜ் வரவேற்பில் பாஸ்வேர்டு கேட்க வேண்டும், எதிரொலி கேட்டால் இயர்ஃபோன் மாட்ட வேண்டும் என்று பாடம் நடத்தினாள். கம்பிக் கயிற்றின் அளவுக்கும் எண்ணெய் மாற்றிய தேதிக்கும் நடுவே எல்லாவற்றையும் தன் வேலை நோட்டில் குறித்துக்கொண்டார். "இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்ப்பா" என்றாள். "எவ்வளவு நேரம் வேணும்னாலுமா?" என்று கேட்டவரின் முகத்தில் கிலி.

அதற்கு அப்புறம்தான் அந்தச் சண்டை. மனைவி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், அக்கம்பக்கத்தார் பார்க்க, ஆடி ஆடி ஒரு சுற்று முடித்து இறங்கியபோது இவர் சொன்னார்: "நல்லவேளை, சுவர் நகர்ந்து வழி விட்டுச்சு." வாழ்நாளில் அவர் முழுதாகச் சொல்லி முடித்த சில வாக்கியங்களில் அது ஒன்று. எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியவர்தான், நான்கு நாளாக வண்டியையும் தொடவில்லை, இவரிடம் வாயையும் திறக்கவில்லை. வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்.

ஐந்தாம் நாள் இவர் ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்ட் வேலைக்குக் கிளம்பினார். பஸ்ஸில் நெடுநேரம் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று அடித்துவிடலாம்தான். ஆனால் அது வந்து...

லாட்ஜில் வைஃபை இரண்டாம் மாடிப் படி திருப்பத்தில் மட்டும்தான் எட்டியது. லாட்ஜ் பெயரைவிட நீளமான பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். புது ஆப்பில் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு மணி கேட்டு, துண்டித்தார். வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான். பையில் போடுவதற்குள் ஃபோன் அலறியது.

"கேட்டுச்சுங்க. மூணு" என்றார் மனைவி.

"இல்லம்மா, அது வந்து..."

"வந்துடுச்சு, மூணும் வந்துடுச்சு. எண்ணிட்டேன். சரி, போகட்டும் விடுங்க. நாளைக்கு வண்டியை எடுக்கறேன். திரும்பி வந்ததும் நீங்கதான் பின்னாடி உக்காரணும். கண்ணை மூடிக்கக் கூடாது."

இவர் வாயைத் திறந்தார், வழக்கம்போல் நிறுத்தினார். முதல் தடவையாக மனைவி மீதியைக் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

உடனே மகளைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். "உன் நெட்டு ஒண்ணை மூணாக்கிக் குடுக்குது. என்னான்னு பாரு."

மகள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஒண்ணுகூட அடிச்சிருக்காதுப்பா. வேலை நேரத்துல தொந்தரவுன்னு அம்மா ஃபோன்ல அந்த ஆப் சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் வந்தேன். உங்க பேரு திரையில மின்னும், அவ்வளவுதான். சாதா கால் வந்தாதான் மணி அடிக்கும்."

இவர் படியிலேயே நின்றார். வாளியும் துடைப்பமுமாக ஏறி வந்த அம்மாள் இரண்டு தடவை "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. சுவரோடு ஒட்டி வழிவிட்டார். இடது முழங்கையின் உள்பக்கத்தை, ஊசி குத்துகிற இடத்தை, தன்னையறியாமல் தேய்த்துவிட்டுக்கொண்டார். எறும்புக் கடிதான்.

பிறகு வைஃபையை அணைத்தார். சாதா காலாகவே மனைவியின் எண்ணை அழுத்தினார். காதோடு வைத்து, கிரீஸ் போகாத விரலின் கணுக்களைப் பெருவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை முழுதாக அடிக்கவிட்டுத் துண்டித்தார்.

ஃபோனைப் பையில் போட்டு இரண்டு படி ஏறியிருப்பார். பைக்குள்ளே ஒரே ஒரு மணி அடித்து நின்றது.

எடுத்துப் பார்க்கவில்லை. பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.