உப்புப் பார்க்கும் சித்தி

அன்றைய கூட்டத்துக்குக் குழுவின் பன்னிரண்டு பெண்களில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். பேசுவதை எழுதி வைக்க நானும் இருந்தேன். வராதவர் என் சித்தி மட்டும்தான். கீரனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கூட்டமே போட்டிருந்தோம்.

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் குழு வேலை செய்தது. காய்ந்த கடல்பாசி ராமநாதபுரம் பக்கமிருந்து மூட்டையாக லாரியில் வரும். அதைத் தொட்டியில் அலசி, வேகவைத்து வடிகட்டினால் பூச்செடிக்குத் தெளிக்கும் சத்துத் தண்ணீர். கேன் கேனாக நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களுக்குப் போகும். உப்பு மிஞ்சினால் செடி கருகிவிடும். எங்கள் ஊர் போர் தண்ணீரே லேசாக உவர்க்கும் என்பதால், எது தண்ணீரின் உப்பு, எது பாசியின் உப்பு என்று பிரித்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டியிருந்தது. அது சித்தியின் நாக்கு. ஒவ்வொரு அலசலிலும் உள்ளங்கையில் அள்ளி வாயில் விடுவார், கண்ணை மூடுவார், “இன்னொரு தண்ணி ஊத்துங்கடி” என்பார். அவர் சொல்லும்வரை மற்றவர்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நிற்பார்கள்.

சித்திக்கு பிரஷர் இருந்தது. திண்டுக்கல்லுக்கு நான்தான் பைக்கில் கூட்டிப்போவேன். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம், “கொறைக்கிறதா? உப்பு டப்பாவையே கழுவிக் கவுத்துட்டேன்” என்றார் சித்தி. பொய்யில்லை. அவர் வைக்கும் வெஞ்சனத்தைத் தின்ன முடியாமல் சித்தப்பா ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் இடது கண் மங்கியது. இப்படியே விட்டால் அடுத்தது பக்கவாதம்தான் என்றார் டாக்டர். சில நாள் கழித்து, கொட்டகையில் சித்தி தொட்டித் தண்ணீரை அள்ளுவதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

“சித்தி, அதுவும் உப்புத்தான?”

“ஏலே, இது வேலைடா. சாப்பாட்டுக் கணக்குல வருமா?”

“துப்பவாவது செய்ங்க.”

“பொழப்பு பாக்குற எடத்துல எவளாச்சும் துப்புவாளா? போ அப்பு அங்கிட்டு.”

குழுவிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே சித்தியைக் கேனுக்கு மூடி போடும் வேலைக்கு மாற்றினார்கள். “என் நாக்கு என்ன அழுகியா போச்சு?” என்று கேட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார். என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. ஆனால் பிரஷர் இறங்கியது, கண்ணும் தெளிந்தது.

மற்றவர்கள் முறைபோட்டு ருசி பார்த்தார்கள். பொருளாளர் அக்காவின் முறை வந்த அன்று அவர் வாய் நிறைய வெற்றிலை. அந்த வாயோடேயே பார்த்து, சரியாயிருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அந்தக் கேன்களைத் தெளித்தார். இலை ஓரம் கருகி, மொட்டெல்லாம் உதிர்ந்தது. நஷ்டத்தைக் கொடுங்கள், இல்லையென்றால் கொட்டகைக்கே வந்து கேட்பேன் என்று போன் செய்தார். அவர் வந்தால் சித்திக்குத் தெரியும். தெரிந்தால் அன்றைக்கே தொட்டியில் கை விட்டுவிடுவார். அதற்காகத்தான் அந்தக் கூட்டம்.

“அவளையே பாக்கச் சொன்னா என்ன? தெனமுமா, லோடு போற அன்னைக்கு மட்டும்” என்றார் ஒருவர்.

“அவ வாயி கோணிப்போனா நீ வந்து கஞ்சி ஊத்துவியா?” என்றார் பொருளாளர் அக்கா. “வெத்தலை போட்டவ நான். என் பங்கை ரெண்டா எழுது, தம்பி.”

“ஆமா, பெரிய ஜமீன்தாரிணி! பேரனுக்குப் பீஸ் கட்ட வழியில்ல, ரெண்டு பங்காம்ல!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நஷ்டத்தில் எல்லோருக்கும் ஒரே பங்கு என்று முடிவானது. தீபாவளிக்குச் சேலை எடுக்க ஆளாளுக்குச் சேர்த்திருந்த பணத்திலிருந்து கொடுப்பதாகப் பேச்சு. சித்தியின் பங்கில் கைவைக்கக் கூடாது என்றும், யார் கேட்டாலும் இந்த வருஷம் சேலை வேண்டாமென்று நாங்களாகத்தான் விட்டோம் என்று சொல்ல வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது உப்பு அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. தொட்டியில் முக்கினால் எண் காட்டும். தோட்டக்காரருக்குக் கொடுத்ததும் அந்தக் கருவி வாங்கியதும் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரம், பதினொரு பேருக்கும் இருபத்திரண்டாயிரம் ரூபாய்.