காய்ச்சலுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் நன்றாக இருக்கின்றன. இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது என்றாலும் எழுத்துக்கூட்டி எழுதிவிடுவேன். இது மூன்றாவதாகப் பிறந்த என் பெண்ணைப் பற்றியது.

அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவாளர் தெரு முழுக்க ஃப்ளூ காய்ச்சல். தறிச் சத்தம் போய் இருமல் சத்தம்தான் கேட்டது. அவளுக்கு அப்போது நாலாவது வயது. ஒரு மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. மாமியார் இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். இழுப்பு நிற்கவில்லை. அவள் அப்பா தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

ஊசி போட்ட பிறகு இழுப்பு நின்றது. மறுநாள்தான் கண் விழித்தாள்.

"இந்தக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்கு மூளையத் தாக்கிரும்மா. பேசுனாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். "பாப்பா, உன் பேரு என்ன?"

அவள் டாக்டர் கழுத்தில் தொங்கிய குழாயைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டுப் பாருங்க."

"ஏத்தா, அம்மாவத் தெரியுதா? ஒரு வார்த்தை சொல்லு தாயி" என்றேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த பன் அவள் கையில் அப்படியே இருந்தது. ஆற்றாமையில் எங்கள் வீட்டுத் தெலுங்கில் முணுமுணுத்தேன்: தின்னாவிட்டால் போ, உன் அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

"இய்யனு" என்றாள். தரமாட்டேன் என்று அர்த்தம். பன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாசல் தாண்டினால் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். வெளியாள் முன்னால் வீட்டுப் பேச்சு பேசுவது மரியாதை இல்லை என்று பழக்கம். அந்தப் பழக்கத்தில், தமிழே தெரியாத பிள்ளையிடம் பெற்றவளே தமிழில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் திரும்பி வந்தார். "என்னம்மா சொல்லுது?"

"தரமாட்டாளாம் சார். தெலுங்குல சொல்றா."

"அப்ப அறிவு தெளிவாத்தான் இருக்கு. இம்புட்டு நேரம் நாம ரெண்டு பேரும் யாருகிட்டம்மா பேசிக்கிட்டிருந்தோம்?"

அவள் அப்பா என்னைக் காட்டி, "இவ வயித்துல பொறந்தது எப்படி சார் குடுக்கும்?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

வலது கை நடுக்கம் மட்டும் சில மாதம் இருந்தது. அதுவரை நான்தான் ஊட்டினேன். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் கையில் ஒரு பன்னைக் கொடுத்து, எனக்குக் கொடு என்று கேட்பேன். மாட்டேன் என்று சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்.

பேத்தி, அவள் பெற்ற மகள்தானே நீ. இதை எனக்கு வாசித்துக் காட்டு. அந்தச் சொல் வருகிற இடத்தில் மட்டும் சத்தமாக வாசி தாயி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும்.