படகுத்துறைக் கதவும் அடிபட்ட காசும்

சாவிக்காரர் வாய் திறந்து பேசி ஊரில் யாரும் அதிகம் கேட்டதில்லை. அவர் கடையில் அரம் பேசும், சுத்தியல் பேசும், அவர் பேசமாட்டார். சாவியைத் தொலைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவருகிறவர்கள் காலையில் வீட்டில் நடந்த சண்டை வரைக்கும் கொட்டித் தீர்ப்பார்கள். அவர் "ம்" என்பார். சாவி தயாரானதும் கொஞ்சம் நீளமாக இன்னொரு "ம்". வயது நாற்பதை எட்டும்வரை அவருடைய வண்டி இந்த இரண்டு "ம்"மிலேயே ஓடிவிட்டது.

கடைக்கு மேல் மாடியில் அவரும் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் குடியிருந்தார்கள். அக்காவுக்குத் தம்பியின் கல்யாணக் கவலை. "உன்ன ஊமைன்னு நெனச்சே ரெண்டு இடம் கைவிட்டுப் போச்சுடா. மூணாவது இடத்துலயாச்சும் வாயத் திறந்து ஒரு வார்த்த பேசித் தொலையேன்" என்பாள். அதற்கும் "ம்"தான்.

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் ஆள் ராட்சசன். சாவிப் பல்லில் ஒரு மயிரிழை கூடிப்போனாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுவார். வேறு கடையில் வெட்டிய சாவி கையில் வந்தால் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். மனிதரிடம் இருந்த ஒரே கர்வம் அது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

ஆற்றைக் கடக்கும் படகுக்குத் துறையில் ஒரு சுழல்கதவு இருந்தது. துளையில் காசைப் போட்டால் கம்பி ஒரு சுற்று சுற்றி ஆளை உள்ளே விடும். பக்கத்துக் கண்ணாடிக் கூண்டில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நோட்டை நீட்டினால் சில்லறை தருவாள். மாலையில் கதவின் வயிற்றைத் திறந்து, விழுந்த காசை எடுத்து அடுக்குவாள். மறுநாள் சில்லறையாக வெளியே போவதும் அதே காசுதான். ஊரே அவளைத் துறையக்கா என்று கூப்பிட்டது. ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கூண்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டால், "வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிடுவாள்.

சாவிக்காரர் ஒருவர் மட்டும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு மட்டும் புரியவில்லை, பாவம். அக்கரையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் படகேறிப் போய், இறங்காமலே அதே படகில் திரும்பி வருவார். எதற்கு இந்த வெட்டிப் பயணம் என்று படகோட்டி கேட்டதற்கு, "காத்து" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

அவளிடம் மனதில் இருப்பதைச் சொல்லவேண்டும். வாயோ திறக்காது. தன் கையிலிருந்து அவள் கைக்குப் போகும் பொருள் உலகத்திலேயே ஒன்றுதான், அந்தக் காசு. யோசித்தார். ஒருநாள் மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, எஃகுத் துண்டு ஒன்றின் முனையில் குட்டியாக ஒரு பூ வெட்டினார். ஐந்து இதழ், நடுவில் ஒரு புள்ளி. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்ததும் அச்சு இறுகித் தயாரானது. காசைப் பட்டறைக்கல்லில் வைத்து, அச்சை மேலே நிறுத்தி, ஒரே அடி. பூ விழுந்தது. மாலையில் அடுக்கும்போது அவள் கண்ணில் படும், யாரென்று யோசிப்பாள், ஒருநாள் நிமிர்ந்து பார்ப்பாள் என்பது கணக்கு. அன்றிலிருந்து தினமும் ஒரு பூக்காசு துளைக்குள் போயிற்று.

ஊருக்கெல்லாம் மயிரிழைக்கு வியாக்கியானம் செய்கிற மனிதர், ஒன்றை மறந்துவிட்டார். காசை அடித்தால் பின்பக்கம் புடைக்கும், விளிம்பும் கொஞ்சம் விரியும். கதவின் துளையோ காசுக்கு அளவெடுத்துச் செய்தது. பூக்காசு உள்ளே போகும், கம்பியைச் சுற்றவிடும், பாதி வழியில் நின்றுவிடும். அவர் படகில் ஏறிக் காற்று வாங்குவார். பின்னால் வருகிறவருடைய காசு அதன் தலையில் போய் முட்டிக்கொள்ளும். வரிசை நீளும். ஜனங்கள் துறையக்காவைத் திட்டுவார்கள். அவள் கொண்டையூசியைக் கழற்றித் துளைக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருப்பாள். ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே தெரிந்திருக்கும். வெட்கம், திரும்பமாட்டார்.

ஒருநாள் அவளே கடைக்கு வந்தாள். சாவிக்காரர் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது.

"ஏங்க, உங்களுக்குத்தான் இரும்பு சமாச்சாரம் தெரியும். இதப் பாருங்க" என்று ஒரு காசை மேசையில் வைத்தாள். அவருடைய பூ அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எவனோ ஒரு கடங்காரன் காசுல இப்படிக் குத்திக் குத்தி விடறான். கதவு சிக்கிச் சிக்கி நிக்குது. இன்னொரு தடவ சிக்குனா கூண்டு கெடையாது, துறையக் கழுவப் போன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. யாரு அடிக்கறான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன் கைய ஒடிச்சிட்டுத்தான் மறுவேல."

சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு கையையும் மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டு, "ம்" என்றார். தன்னைத் தானே தேடிப் பிடிக்கிற உத்தியோகம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? அவள் போனபிறகுதான் மேசையில் கிடந்த காசைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் புடைத்திருந்தது. பூ கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அவள் பிழைப்பில் அல்லவா மண்ணைப் போட்டிருக்கிறார்! உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவள் கூண்டு போய்விடும்.

அச்சை ஆற்றில் எறிந்தார். பிறகு, வெளியே சுற்றுகிற பூக்காசையெல்லாம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிவிடுவது என்று கிளம்பினார். டீக்கடையில் ஒன்று கிடைத்தது, முடிதிருத்தும் கடையில் ஒன்று. அடிபட்ட காசு ஒன்றுக்கு நல்ல காசு இரண்டு கொடுத்தார். "எதுக்கு அண்ணே?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் இந்தக் கதையே இல்லையே. பேசாமல் வந்துவிட்டார்.

அவர் பேசாததை ஊர் பேசியது. அடிபட்ட காசு ராசியான காசாம், சாவிக்காரன் ரகசியமாகச் சேர்க்கிறானாம் என்று டீக்கடையில் ஆரம்பித்தது, பொழுது சாய்வதற்குள் அக்கரைக்கே போய்விட்டது. அப்புறமென்ன, ஆளாளுக்கு ஆணியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். காசில் நட்சத்திரம் விழுந்தது, பிறை விழுந்தது, என்னவென்றே தெரியாத பள்ளமும் விழுந்தது. அக்கா வீட்டுக்காரரே மொட்டைமாடியில் டொக்டொக்கென்று தட்டி எடுத்துக்கொண்டு கீழே வந்தார். "மாப்ளே, இதையும் எடுத்துக்கோ. நமக்குள்ள என்ன, ரெண்டு குடுக்கற எடத்துல ஒண்ணரை குடு."

சாவிக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்க ஆளில்லாத காசையெல்லாம் ஜனங்கள் எங்கே தள்ளுவார்கள்? படகுக் கதவில்தான். வாரச்சந்தை நாள் காலையில் கம்பி அப்படியே இறுகி நின்றது. கொண்டையூசி வளைந்தது, கதவு அசையவில்லை. படகு போய்விட்டது, ஜனங்கள் கரையில் நின்று கத்தினார்கள். சூப்பர்வைசர் வேர்க்க விறுவிறுக்க வந்து, கதவைத் திறக்கச் சாவிக்காரருக்கே ஆளனுப்பினார்.

அவர் வந்து கதவைப் பிரித்தார். துறையக்கா கூண்டுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து காசு மடமடவென்று தட்டில் கொட்டியது. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது ஒருத்தன் வேல இல்ல. ஊரே சேர்ந்து அடிச்சிருக்கு. நான் யாரன்னு பிடிக்கறது? இந்தம்மா மேல தப்பு இல்ல. நீ கூண்டுல போய் உக்காரும்மா."

அவள் உயிர் வந்தவள்போல் நிமிர்ந்தாள். சாவிக்காரருக்கும் உயிர் வந்தது. அவள் கூண்டு தப்பியது, இவர் குட்டும் உடையவில்லை. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நடையைக் கட்டியிருந்தால் முடிந்தது. ஆயுசு முழுக்கப் பேசாமல் இருந்தவருக்கு இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பது பெரிய காரியமா?

சூப்பர்வைசர் ஒரு காசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இருக்கறதுலயே கேவலம் இதுதான். எவனோ கைவராத பய சிலந்தி அடிச்சிருக்கான் பாரு. காலெல்லாம் கோணல்."

"அது சிலந்தி இல்ல!"

துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு குரல் சாவிக்காரரிடம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

"பூ அது! நல்லாப் பாருங்க, அஞ்சு இதழும் ஒரே அளவு. நடுப்புள்ளி நடுவுல நிக்குது. கோணலாம் கோணல்! மத்ததெல்லாம் ஆணியால குத்துன குப்ப. இது ஒரே அடியில விழுந்தது. ரெண்டாவது அடி அடிக்கற பழக்கமே எனக்குக் கெடையாது!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதிலேயே விழுந்தது. துறையக்கா தட்டின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுக்குங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ம்" என்று ஆரம்பித்தார். பழைய வண்டி அன்றைக்கு ஓடவில்லை. "ஒண்ணும் செய்யல. உங்களுக்குக் குடுக்கத்தான் அடிச்சேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அவள் சூப்பர்வைசர் கையிலிருந்த காசை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எத்தனை நாளாகத் தனக்காக ஒரு மனிதன் போகிற இடமே இல்லாமல் படகேறியிருக்கிறான் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நானும் சிலந்தின்னுதாங்க நெனச்சேன்" என்றாள்.

அவர் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

"வரிசைய மறிக்காம நகருங்க" என்று கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சாயங்காலம் டூட்டி முடிஞ்சதும் வாங்க. வாயால சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள்.