உடனே கேட்ட மருந்து

திருச்சியில் ஒரு கண் மருத்துவமனை. கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா இருந்தார். மஞ்சள் பூசிய முகம், முன்கைகளில் எண்ணெய் தெறித்த தழும்புகள். யார் பேசினாலும் முகத்தை முழுக்கத் திருப்பித்தான் பார்த்தார்.

மணப்பாறையில் முறுக்குச் சுடுகிறவராம். அடுப்புப் புகையில் கண் சிவந்து எரிந்தபோது டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை, மறுபடி கண்ணைக் காட்டாமலே மருந்துக்கடையில் வாங்கி வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார். அது ஸ்டீராய்டு கலந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, இடது கண் பார்வை போய்விட்டது.

"ஊத்தின உடனே கேக்கும்ங்க. அவ்வளவு நல்ல மருந்துன்னு நெனச்சேன்."

"இன்னிக்கு உங்களுக்குத்தான் பரிசோதனையா?"

"எனக்கு இனிமே என்னங்க? என் மக உள்ள இருக்கா. அவளும் என்கூட அடுப்புல நிக்கறவ. வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. நான்தான் புடிச்சு வச்சு ஊத்திவிட்டேன்."

கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா."

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார் அந்த அம்மா. "இனிமே அடுப்புப் பக்கமே வராதடி."

"நீ மட்டும் எப்படிம்மா தனியா சுடுவ?"

மகளின் கையைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். என்ன முடிவு செய்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.